ஸ்டாக் கிளாஸுக்கு ஓர் எல்எஸ்1 கமாரோ கட்டுவது

அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கமான என்எச்ஆர்ஏ நடத்தும் டிராக் (drag) பந்தயங்களில், அதாவது இரண்டு கார்கள் நேர்கோட்டில் ஓடும் பந்தயங்களில், ஸ்டாக் எலிமினேட்டர் என்ற பிரிவு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிமையாகத் தெரியும். தொழிற்சாலையில் வந்த இன்ஜின், 9 இன்ச் அகலத்தில் பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயர், கால் மைல் தூரம். ஆனால் விலை உயர்ந்த பாகத்தை வாங்கிப் போட்டு வேகம் கூட்டும் வழி இங்கே ஏறக்குறைய முழுதாக அடைபட்டிருக்கிறது. கேமின் லிஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு அதை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பது), வால்வ் அளவு, ஹெட்டின் வார்ப்பு எண், சேம்பரின் (எரிப்பு அறையின்) குறைந்தபட்சக் கொள்ளளவு, இன்டேக் மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி எல்லாவற்றுக்கும் எழுத்தில் எண் இருக்கிறது. அந்த எண்களுக்குள் நின்றுகொண்டே உரசலைக் குறைப்பது, சிலிண்டரிலிருந்து வாயு கசியாமல் அடைப்பது, எரிபொருளையும் தீப்பொறியையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே மாதிரி கொடுப்பது ஆகிய மூன்றும்தான் இங்கே வேலை.

இந்த வேலைக்கு 1998 முதல் 2002 வரை வந்த செவ்ரலே கமாரோ ஸீ28, வி8 இன்ஜின் கொண்ட பான்டியாக் ஃபயர்பேர்டு கார்கள் நல்ல தேர்வு. அவற்றில் இருக்கும் எல்எஸ்1 இன்ஜினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 3.898 இன்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.622 இன்ச், மொத்தம் 346 கன இன்ச். கமாரோ ஸீ28-க்குத் தொழிற்சாலை சொன்ன குதிரைத்திறன் முதலில் 305, 2001 முதல் 310. உண்மையில் இந்த இன்ஜின் அதைவிட அதிகம் தரக்கூடியது. பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வகைப்பாட்டுக் கையேட்டை எடுத்து உட்காருங்கள். காரின் ஆண்டு, இன்ஜின், கியர்பாக்ஸ் ஆகியவற்றை வைத்து என்எச்ஆர்ஏ ஒரு குதிரைத்திறன் எண்ணைக் கொடுக்கிறது. அது தொழிற்சாலை எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த எண்ணை கிளாஸுக்கு உரிய எடை விகிதத்தால் பெருக்கி, ஓட்டுநருக்காக 170 பவுண்டு கூட்டினால் உங்கள் குறைந்தபட்ச எடை வரும். கணக்குக்காக 310 குதிரைத்திறன், விகிதம் 10.5 என்று வைத்தால் 3,255, அதோடு 170, ஆக 3,425 பவுண்டு. ஒரே காரை அதன் இயல்பான கிளாஸிலும், ஒன்று மேலேயோ கீழேயோ உள்ள கிளாஸிலும் ஓட்டலாம். எடையைக் கழற்றி மேலே போவதா, ஏற்றிக் கீழே போவதா என்பதை இன்ஜின் கட்டும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். சீட், ரோல் பார், பேட்டரி எங்கே போகிறது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்பதெல்லாம் இந்த முடிவைப் பொறுத்துத்தான் அமையும். ஆண்டுக்கு ஆண்டு இன்டேக்கும் கேமும் மாறியிருப்பதால், 1998 காரில் 2001-ன் இன்டேக்கைப் போட்டுவிட்டுப் பிறகு கையேட்டைப் பார்ப்பவர்கள் பணத்தை இழக்கிறார்கள்.

பிளாக்கில் முதல் கட்டுப்பாடு உலோகமே. எல்எஸ்1 அலுமினிய பிளாக், உள்ளே வார்க்கப்பட்ட மெல்லிய இரும்பு லைனர். பழைய 350 கன இன்ச் இரும்பு பிளாக்கைப் போல போரை முப்பது தௌ பெரிதாக்க இதில் இடமில்லை. ஐந்து அல்லது பத்து தௌ, அதாவது ஓர் இன்ச்சின் ஆயிரத்தில் ஐந்து அல்லது பத்து பங்கு, அவ்வளவுதான். அதனால் போர் தேய்ந்த பிளாக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். ஹோனிங் செய்யும்போது, அதாவது போரின் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும்போது, ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கி வைக்கும் தடித்த தகடான டார்க் பிளேட் கட்டாயம். ஹெட் போல்ட் இறுகும்போது போர் வட்டத்திலிருந்து விலகுகிறது. பிளேட் இல்லாமல் வட்டமாக ஹோன் செய்த சிலிண்டர், ஹெட் ஏறியதும் வட்டமாக இருப்பதில்லை. ரிங் அழுத்தத்தைக் குறைத்து உரசலில் சில குதிரைத்திறன் சேமிக்கலாம் என்ற எண்ணம் சரியானதுதான், ஆனால் போர் வட்டமாக இருந்தால் மட்டுமே அது பலிக்கும். இல்லையென்றால் ரிங்கைத் தாண்டி வாயு கீழே போகும், எண்ணெய் மேலே வரும், எண்ணெய் கலந்த கலவை முன்கூட்டியே வெடிக்கும். மேல் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளிக்கு போரின் ஒவ்வோர் இன்ச்சுக்கும் நாலரை தௌ என்ற கணக்கு போதும்; இந்த போருக்கு அது பதினேழரை தௌ வரும். கட்டி முடித்து ஓட விட்ட பிறகு சிலிண்டருக்குள் செலுத்திய காற்றில் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையில் எட்டு சிலிண்டரும் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். எட்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது அதைவிட முக்கியம்.

ஹெட் போல்ட் துளைகள் அடைபட்ட துளைகள், அடியில் வழி கிடையாது. ஹெட்டைக் கழற்றும்போது அவற்றுக்குள் கூலன்ட்டோ எண்ணெயோ இறங்கி நிற்கும். அதைக் காற்றடித்து வெளியேற்றாமல் போல்ட்டை இறுக்கினால் திரவத்துக்குப் போக இடமில்லாமல் பிளாக் விரிசல் விடும். டார்க் ரென்ச் சரியான எண்ணைக் காட்டும், ஹெட்டோ சரியாக இறுகியிருக்காது. ஒவ்வொரு துளையையும் தனித்தனியாக ஊதி, துணி சுற்றிய குச்சியை விட்டுப் பார்த்து, குச்சி காய்ந்து வந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். தொழிற்சாலை போல்ட்டுகள் இறுக்கும்போதே நீளும் வகை, ஒரு முறைக்கு மட்டும்தான். ஹெட்டை அடிக்கடி கழற்றப்போகிறீர்கள் என்றால் ஸ்டட் போடுவதே மலிவு.

இதே போலக் கண்ணுக்குத் தெரியாமல் இன்ஜினைக் கொல்லும் இன்னொன்று, எண்ணெய் பம்ப்பின் பிக்அப் குழாயில் இருக்கும் சிறிய ஓ-ரிங். குழாயைச் சாய்த்துச் செருகினால் அது நசுங்கிக் கிழியும். பம்ப் எண்ணெயோடு காற்றையும் இழுக்கும், அழுத்தம் மேலும் கீழும் ஆடும், ராட் பேரிங் போகும். எண்ணெய் தடவி, நேராக, கையால் அழுத்திச் செருகுங்கள். குழாயைப் பிடித்திருக்கும் ஒரே போல்ட்டின் இறுக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். ராட் போல்ட்டுகளைப் பொறுத்தவரை, 2000 வரையிலான இன்ஜின்களில் இருப்பவை பின்னால் வந்தவற்றைவிட பலம் குறைந்தவை. மாற்றினால் ராட்டின் பெரிய முனையை மறுபடி அளந்து சரி செய்ய வேண்டும். புதிய போல்ட்டின் பிடிப்பு வேறு, அந்தத் துளையின் வடிவமும் அதற்கேற்ப மாறும்.

அழுத்த விகிதத்தை ஊகிக்க வேண்டாம், கணக்கிடுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 708 சிசி. சேம்பர் 67 சிசி, 53 தௌ கேஸ்கெட்டில் சுமார் 10.4 சிசி, பிஸ்டன் டெக்கைவிட (பிளாக்கின் மேற்பரப்பைவிட) 8 தௌ மேலே நிற்பதால் 1.6 சிசி கழியும், ஆக 75.8. விகிதம் 10.34. சேம்பரில் ஒரே ஒரு சிசி குறைந்தால் 10.47 ஆகிவிடும். இதனால்தான் சேம்பர்களை பியூரெட்டும் பிளெக்ஸிகிளாஸும் வைத்து ஒவ்வொன்றாக அளந்து, கையேடு சொல்லும் குறைந்தபட்சத்துக்கு மிக அருகில் எட்டையும் கொண்டுவர வேண்டும். அருகில் என்றால் அதற்குக் கீழே அல்ல. வால்வ் முகப்பில் படிந்த கார்பனும், சற்றே உயர்ந்து உட்கார்ந்த வால்வும் அரை சிசியை விழுங்கும். அதிகாரிகள் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் அறையில் அந்த அரை சிசிக்குப் பதில் சொல்ல முடியாது. கால் சிசி கூடுதலாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது நல்லது.

போர்ட்டைக் குடைவது, தேய்ப்பது, அமிலத்தில் ஊறவைப்பது எல்லாம் தடை. காற்றை அதிகம் உள்ளே கொண்டுவர மிச்சம் இருப்பவை வால்வ் சீட்டின் கோணங்களும் கேமும். லிஃப்ட் தொழிற்சாலை எண்ணைத் தாண்டக் கூடாது, ஆனால் வால்வ் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதற்குத் தடையில்லை. எனவே ஸ்டாக் கேமின் லோப் (வால்வைத் தூக்கும் மேடு) வேறு வடிவத்தில் இருக்கும். வால்வை வேகமாகத் தூக்கி, உச்சியில் அகலமாக நிறுத்தி, வேகமாக இறக்கும். அரை இன்ச் லிஃப்ட் என்றால் லோப்பின் அசைவை 1.7 மடங்காக்கி வால்வுக்குக் கொடுக்கும் ராக்கரில் லோப்பின் உயரம் 294 தௌ. ராக்கர்களின் விகிதம் ஒன்றுக்கொன்று சற்று மாறும். அதனால் பதினாறு வால்வுக்கும் ரீடெய்னரில் (ஸ்பிரிங்கின் மேல்மூடியில்) டயல் கேஜ் வைத்துத் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் இரண்டு தௌ கூடுதலாக இருந்தாலும் அந்த ராக்கரை மாற்றுங்கள்.

இப்படி விரைவாகத் தூக்கும் லோப் ஸ்பிரிங்கைப் பிழிந்தெடுக்கும். லிஃப்ட் குறைவுதானே, ஸ்பிரிங் ஏன் போகிறது என்று பலர் வியக்கிறார்கள். லிஃப்டின் அளவைவிட வால்வின் முடுக்கம்தான் ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறது. பந்தயத்துக்குப் பந்தயம் சீட் அழுத்தத்தை அளந்து பதியுங்கள், பத்து பவுண்டு குறைந்தால் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்துப் பாருங்கள். இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்டில் 100 தௌ இருந்தால் போதும்.

இனி ஃபியூல் இன்ஜெக்‌ஷன். பெரும்பாலானவர்கள் இதற்குக் கடைசி வாரத்தை ஒதுக்குகிறார்கள், நியாயமாக இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும்.

முதலில் இன்ஜெக்டர் அளவு. இன்ஜின் 420 குதிரைத்திறன் தருகிறது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.48 பவுண்டு பெட்ரோல் என்று வைத்தால் மொத்தம் மணிக்கு சுமார் 202 பவுண்டு, ஓர் இன்ஜெக்டருக்கு 25. 1999, 2000 கார்களின் இன்ஜெக்டர் மணிக்கு சுமார் 26 பவுண்டு. அது 97 சதவீத நேரம் திறந்தே இருக்க வேண்டிவரும். 85 சதவீதத்தில் நிறுத்த வேண்டுமென்றால் 30 பவுண்டு இன்ஜெக்டர் தேவை. உங்கள் ஆண்டுக்கு எது அனுமதி என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய எட்டையும் சோதனை மேசையில் ஓட்டி, ஒன்றுக்கொன்று இரண்டு சதவீதத்துக்குள் இருப்பவற்றை மட்டும் சேர்த்துப் போடுங்கள்.

அடுத்தது ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோல் கொடுக்கும் குழாயில் உள்ள அழுத்தம். இந்தக் கார்களில் அது 58 பிஎஸ்ஐ. இன்ஜெக்டர் தரும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மூன்றாம் கியரில் அழுத்தம் 52-க்கு இறங்கினால் எரிபொருள் 5 சதவீதம் குறைந்துவிடும், ஃபினிஷ் கோட்டுக்கு அருகில் பிஸ்டன் உருகத் தொடங்கும். இது நடப்பதற்குப் பெரும்பாலும் பம்ப் காரணமாக இருப்பதில்லை. பழைய மெல்லிய வயர், துருப்பிடித்த கிரவுண்டு, டேங்க்கில் குறைவான பெட்ரோல் ஆகியவையே காரணம். பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த தனி வயர் கொண்டுபோய், ஓட்டத்தின்போது பம்ப்பின் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். புறப்படும் விசையில் பெட்ரோல் பின்சுவருக்கு ஓடும், பிக்அப் காற்றை உறிஞ்சும். ஒரு கேலன் ஆறு பவுண்டுக்குச் சற்று மேல். கால் டேங்க் பெட்ரோலைக் குறைந்தபட்சமாக வைத்து, அந்த எடையைக் கணக்கில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது.

அழுத்தம் சரியாக இருந்தாலும் வோல்ட் மாறினால் எரிபொருள் மாறும். இன்ஜெக்டருக்கு மின்சாரம் போன பிறகு அது திறக்கச் சிறிது நேரம் எடுக்கிறது, வோல்ட் குறைந்தால் அந்த நேரம் நீளும். 6,800 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 17.6 மில்லிசெகண்டு. அதில் 0.2 மில்லிசெகண்டு தவறினால் எரிபொருள் ஒரு சதவீதத்துக்கு மேல் மாறும். ஆல்டர்னேட்டரை ஓட விடுவதா வேண்டாமா என்று ஒரு முறை முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள். அதை நிறுத்திவிட்டு ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் பேட்டரியை அதே வோல்ட்டுக்கு சார்ஜ் செய்ய வேண்டும்.

காற்றின் வெப்பநிலை சென்ஸார் அதைவிடப் பெரிய தொல்லை. வரிசையில் நிற்கும்போது இன்ஜின் அறை சூடேறி சென்ஸார் 60 டிகிரி செல்சியஸ் காட்டும். வெளியே காற்று 35 தான். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அந்த 60-ஐ நம்பி காற்று லேசாகிவிட்டதென்று எரிபொருளை ஏழரை சதவீதம் குறைக்கும். கார் நகர்ந்ததும் உள்ளே போவதோ குளிர்ந்த காற்று. 12.9-ல் இருக்க வேண்டிய கலவை விகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது) 13.9-க்குப் போகும், முதல் 60 அடியிலேயே கார் சோர்ந்துவிடும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அதிக நேரம் காத்திருந்தால் ஒரு நேரம், உடனே ஓடினால் வேறு நேரம் வருகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சென்ஸாரை உலோகத்திலிருந்து விலக்கி, ஃபில்டருக்கு அருகில் பிளாஸ்டிக் குழாயில் வையுங்கள். வெப்பத் திருத்த அட்டவணையில் 45 டிகிரிக்கு மேல் உள்ள பகுதியை ஏறக்குறைய தட்டையாக்குங்கள். அதே பகுதியில் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும் அட்டவணை ஒன்றும் இருக்கும். அதை மறந்துவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

நீண்ட நேரம் திறந்திருக்கும் கேம், ஐடிலில் வெற்றிடத்தைக் குறைத்துவிடும். காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் சென்ஸார் திரும்பி வரும் அலைகளால் குழம்பும். விதி ஏற்கும் ஈசியூவில் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாறுவதே நல்லது. இதே வெற்றிடக் குறைவு பிரேக்கையும் பாதிக்கும். ஸ்டாக் பிரிவில் கியர்பாக்ஸையே பூட்டி நிறுத்தும் டிரான்ஸ்பிரேக் கிடையாது, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கன்வர்ட்டரை ஏற்ற வேண்டும். பூஸ்டருக்கு வெற்றிடம் போதவில்லையென்றால் கார் கோட்டிலிருந்து முன்னே ஊர்ந்து, முந்திப் புறப்பட்டதற்கான சிவப்பு விளக்கு வரும். வெற்றிடத் தொட்டியோ, பூஸ்டர் இல்லாத மாஸ்டர் சிலிண்டரோ வைத்து இதை முதலிலேயே தீர்த்துவிடுங்கள்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் கணத்தில் மேனிஃபோல்டு அழுத்தம் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் எகிறும். அதற்கேற்ற கூடுதல் எரிபொருளை த்ராட்டில் நிலை சென்ஸாரை வைத்துக் கொடுங்கள். ஓட்டத்தின் பதிவில் அந்த இடத்தில் லாம்ப்டா (எக்ஸாஸ்ட் சென்ஸார் காட்டும் கலவை அளவு) ஒரு முள்போல மேலே குத்தினால் கூட்டுங்கள், கீழே தொங்கினால் குறையுங்கள். முழு த்ராட்டிலில் 12.8 முதல் 13.0 வரை, இக்னிஷன் 26 முதல் 28 டிகிரி என்று தொடங்கலாம். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஃபினிஷ் வேகத்தைப் பாருங்கள். மொத்த நேரத்தைப் பார்த்து டியூன் செய்வது தவறு, அதில் டயரும் ஓட்டுநரும் கலந்திருப்பார்கள். பந்தயத்தில் ஈசியூ தானே லாம்ப்டாவைத் திருத்தும் வசதியை முழு த்ராட்டிலில் அணைத்துவிடுங்கள். ஈயம் கலந்த பந்தய பெட்ரோல் அந்த சென்ஸாரை மெல்லக் கெடுக்கும், கெட்ட சென்ஸார் சொல்வதைக் கேட்டு ஈசியூ நல்ல இன்ஜினையும் கெடுக்கும். ஹெடர் இணைப்பில் கசிவு இருந்தாலும் சென்ஸார் பொய் சொல்லும்.

சாவியைத் திருப்பியதும் மேனிஃபோல்டு சென்ஸார் காட்டும் அழுத்தத்தையும், முழு த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம்மில் காட்டும் அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு, மூன்று கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபில்டரிலோ குழாயிலோ அடைப்பு இருக்கலாம், அல்லது த்ராட்டில் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். இரண்டாவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் த்ராட்டில் பிளேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

டிரைவ்டிரெய்ன் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தொழிற்சாலையின் 10 போல்ட் பின் ஆக்ஸில் ஸ்லிக் டயரைத் தாங்காது. 12 போல்ட்டோ ஃபோர்டின் 9 இன்ச்சோ போடுங்கள். டார்க் ஆர்மின் முன்முனை கியர்பாக்ஸின் வால் உறையில் பிடித்திருக்கும், கடும் புறப்பாட்டில் அந்த உறை விரிசல் விடும். அதைத் தனி கிராஸ்மெம்பருக்கு மாற்றுங்கள். 28 இன்ச் டயர், 4.56 கியர், 120 மைல் வேகம் என்றால் நேர் கியரில் 6,566 ஆர்பிஎம். கன்வர்ட்டர் நழுவல் 4 சதவீதம் சேர்ந்தால் சுமார் 6,830. உங்கள் திறன் உச்சம் அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் கியர் சரி. ஸ்லிக் போட்டு கால் மைலை 13.99 வினாடியில் அல்லது அதைவிட வேகமாக ஓடும் காருக்கு, உடைந்த டிரைவ்ஷாஃப்ட் கீழே விழாமல் பிடிக்கும் டிரைவ்ஷாஃப்ட் லூப் வேண்டும், முன் ஜாயின்ட்டிலிருந்து 6 இன்ச்சுக்குள். 11.49-க்கு ரோல் பார். 10.99-க்கு வெளிச் சந்தை ஆக்ஸில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கவசம். பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் பின்பக்கம் வைக்கும் மெயின் சுவிட்ச் இன்ஜினையும் நிறுத்த வேண்டும். ஆல்டர்னேட்டர் வயரைத் தவறான பக்கம் இணைத்தால் பேட்டரி துண்டான பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். தொழில்நுட்பச் சோதனை வரிசையில் நின்று இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம். ஒர்க்‌ஷாப்பிலேயே சோதித்துவிடுங்கள்.

தகுதிச் சுற்றில் கிளாஸின் இன்டெக்ஸுக்கு (அந்த கிளாஸுக்கென்று வைத்திருக்கும் அடிப்படை நேரத்துக்கு) எவ்வளவு கீழே ஓடுகிறீர்கள் என்பதை வைத்து இடம் கிடைக்கிறது. அளவுக்கு மீறிக் கீழே போனால் அந்த இன்ஜின் வகைக்கே குதிரைத்திறன் எண் உயர்த்தப்படும், அதே வகையை ஓட்டும் எல்லோருக்கும் எடை கூடும். அதனால் முழுத் திறனையும் எல்லா இடத்திலும் காட்ட யாரும் விரும்புவதில்லை. ஆனால் இரண்டு கார்களும் ஒரே கிளாஸில் வந்துவிட்டால், மெதுவான காரை முன்னதாகப் புறப்பட விடும் ஹேண்டிகேப் கிடையாது, இரண்டும் ஒன்றாகப் புறப்படும், முதலில் சேர்பவர் வெல்வார். இதற்காக ஈசியூவில் இரண்டு கோப்புகள் வைத்திருங்கள். ஒன்று சற்றுச் செழிப்பான கலவையும் இரண்டு டிகிரி குறைந்த இக்னிஷனும் கொண்டது, வெயிலிலும் மாலையிலும் ஒரே நேரம் தருவது. மற்றொன்று முழுத் திறனுக்கானது. இரண்டையும் சோதனை நாளில் ஓட்டி, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது நூறில் எத்தனை வினாடி வித்தியாசம் என்று எழுதிவையுங்கள். கோப்பை ஏற்றியதும் சாவியை ஒரு முறை அணைத்துப் போட்டு, த்ராட்டில் சென்ஸார் கீழே 0, மேலே 100 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே வரிசைக்குப் போங்கள். சில ஈசியூக்கள் புதிய கோப்போடு பழைய த்ராட்டில் அளவையும் சேர்த்து ஏற்றிவிடும்.